சரீரம் உயிர்த்தெழுதல்: கிறிஸ்தவம் மரணத்தை எப்படிப் பார்க்கிறது?

இறந்த பிறகு என்ன நடக்கும் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்? கிறிஸ்தவர்களையே கேட்டாலும் பெரும்பாலும் வரும் பதில், "ஆத்துமா பரலோகம் போய்விடும்" என்பதுதான். பதில் தப்பில்லை. ஆனால் பாதிதான். அதிலும் முக்கியமான பாதி விட்டுப்போயிருக்கிறது.

திருச்சபைகள் ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணங்களைக் கவனித்துப் பாருங்கள். கி.பி. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்கள் சங்கத்தின் பெயரோடு வழங்கும் நிசேயா விசுவாசப் பிரமாணம், மரித்தோரின் உயிர்த்தெழுதலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லித்தான் முடிவுக்கு வருகிறது. அப்போஸ்தலருடைய விசுவாசப் பிரமாணம் இன்னும் பச்சையாக "சரீரம் உயிர்த்தெழுதல்" என்கிறது. ஆத்துமா அழியாதது என்று ஒரு வரி இரண்டிலும் கிடையாது. ஆத்துமாவைப் பற்றித் திருச்சபை நிறையவே பேசியிருக்கிறது. ஆனாலும் நம்பிக்கையின் பாரத்தை அது உடல்மேல்தான் இறக்கி வைத்திருக்கிறது. செத்து, புதைத்து, மண்ணாகிப்போன இந்த உடலைக் கடவுள் மறுபடியும் எழுப்புவார் என்பதே மையம். இதைப் பிடித்துக்கொண்டால், மரணத்தை ஏன் எதிரி என்கிறார்கள், நம்பிக்கை இருந்தும் ஏன் அழுகிறார்கள், கல்லறையை ஏன் அவ்வளவு மதிக்கிறார்கள் என்பதெல்லாம் பின்னாலேயே விளங்கிவிடும்.

லாசருவின் கல்லறை முன்னால்

யோவான் சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம். எருசலேமுக்குப் பக்கத்தில் பெத்தானியா என்ற ஊர். அங்கே மார்த்தாள், மரியாள் என்ற சகோதரிகளின் தம்பியோ அண்ணனோ, லாசரு இறந்துவிட்டான். இயேசு வந்து சேரும்போது அடக்கம் பண்ணி நான்கு நாள் ஆகிவிட்டது. மார்த்தாள் எதிர்கொண்டு போகிறாள். உன் சகோதரன் உயிர்த்தெழுவான் என்கிறார் இயேசு. தெரியும், கடைசி நாளில் எழுந்திருப்பான் என்கிறாள் அவள். மனப்பாடமாகத் தெரிந்த பாடம் அவளுக்கு. அந்த நேரத்தில் அதில் ஆறுதல் இருந்ததாகத் தெரியவில்லை. அப்போதுதான் இயேசு, "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்" என்கிறார். என்றோ ஒருநாள் நடக்கப்போவதாக மார்த்தாள் நினைத்திருந்ததை, எதிரே நிற்கும் ஒரு ஆளோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது அந்த வாக்கியம். கிறிஸ்தவம் சொல்லும் உயிர்த்தெழுதல் முழுக்க இந்த முடிச்சில்தான் நிற்கிறது.

அடுத்து நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. இன்னும் சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். அப்படியிருந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் "இயேசு கண்ணீர் விட்டார்." உங்கள் சகோதரன் நல்ல இடத்துக்குப் போய்விட்டான், அழாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. கல்லைப் புரட்டச் சொன்னதும், "ஆண்டவரே, இப்பொழுது நாறுமே" என்று மார்த்தாள் தடுக்கிறாள். சுவிசேஷம் அந்த நாற்றத்தையும் மறைக்கவில்லை. மரணத்துக்கு மெழுகு பூசி அழகு பார்க்கும் வழக்கம் வேதாகமத்துக்கு இல்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு காட்சி கெத்செமனே, கைதாவதற்கு முன் இயேசு ஜெபித்த தோட்டம். கி.மு. 399இல் ஏதென்ஸில் சாக்ரடீஸ் நஞ்சு குடித்த கதை பலருக்கும் தெரியும். ஆத்துமா அழியாது என்று கடைசிவரை சீடர்களோடு விவாதித்துவிட்டு, முகம் மாறாமல் கோப்பையை வாங்கிக் குடித்தார் என்று அவருடைய சீடர் எழுதி வைத்திருக்கிறார். இயேசுவோ தோட்டத்தில் தரையில் விழுந்து கிடக்கிறார். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்கிறார். முடிந்தால் இந்தப் பாத்திரத்தை நீக்கும் என்று கெஞ்சுகிறார். வீரம் என்று பார்த்தால் சாக்ரடீஸ்தான் பெரியவராகத் தெரிவார். ஆனால் வேறுபாடு தைரியத்தில் இல்லை. உடல் ஒரு சிறை, சாவு அதைத் திறந்துவிடுகிறது என்று நினைப்பவருக்குப் பயப்பட என்ன இருக்கிறது? உடலைக் கடவுள் படைத்தார், "மிகவும் நன்றாயிருந்தது" என்று கண்டார் என்று நம்பும் மரபில் வந்தவருக்கு, அந்தப் படைப்பைக் கிழித்துப்போடும் மரணம் நண்பனாக முடியாது. ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் அதற்கு வைத்த பெயர் சத்துரு. "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்."

சாவு இயற்கைதானே, எல்லா உயிரும் சாகத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில், கட்டளையை மீறிய ஆதாமிடம் "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்று கடவுள் சொல்கிறார். "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று ரோமருக்கு எழுதுகிறார் பவுல். அதற்கு முன் சாவே இருந்ததில்லை என்று நேராக எடுத்துக்கொள்ளும் கிறிஸ்தவர்கள் உண்டு. மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உயிரினங்கள் செத்துக்கொண்டுதான் இருந்தன, இங்கே பேசப்படுவது கடவுளைவிட்டுப் பிரிந்த மனிதனின் மரணம் என்று வாசிக்கிறவர்களும் உண்டு. இந்த வழக்கை இங்கே தீர்க்கத் தேவையில்லை. நாம் அனுபவிக்கும் மரணம், அதன் பயத்தோடும் பிரிவோடும், கடவுள் மனிதனுக்கு நினைத்த முடிவு அல்ல என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் உயிர்த்தெழுதலைப் பற்றித் தெளிவான பேச்சு கிடையாது. செத்தவர்கள் எல்லாரும் போகும் இருட்டும் மௌனமுமான பாதாளம் ஒன்று வருகிறது. "பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார்?" என்று கேட்கிறது ஆறாம் சங்கீதம். எசேக்கியேலின் உலர்ந்த எலும்புகள் எழுந்து நிற்கும் தரிசனம்கூட, முதலில் சிறைப்பட்டுப் போன ஒரு ஜனம் திரும்பி வருவதைப் பற்றியதுதான். மண்ணின் தூளில் உறங்குகிறவர்கள் விழித்தெழுவார்கள் என்று வெளிப்படையாகச் சொல்வது தானியேல் 12.

நம்பிக்கை கூர்மையானது சித்திரவதையில். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் யூதர்களைத் தங்கள் நியாயப்பிரமாணத்தைக் கைவிடும்படி அந்தியோக்கு ராஜா கட்டாயப்படுத்தினான். அந்தக் காலத்து ஏழு சகோதரர்களின் கதை மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. (கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் வேதாகமங்களில் இந்தப் புத்தகம் உண்டு, புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இல்லை.) மூன்றாமவனின் முறை வந்தபோது அவனே நாக்கை நீட்டினான், கைகளை விரித்தான். இவை பரலோகத்திலிருந்து எனக்குக் கிடைத்தவை, மறுபடியும் அவரிடமிருந்தே பெற்றுக்கொள்வேன் என்றான். "என் ஆத்துமாவை நீ தொட முடியாது" என்பது அவன் பதிலாக இல்லை. வெட்டப்படப்போகும் அந்தக் கையே திரும்பக் கிடைக்கும் என்கிறான். நீதியுள்ள கடவுள், தமக்காகத் துண்டாடப்பட்ட உடலைத் துண்டாகவே விட்டுவிட மாட்டார் என்பது அவன் கணக்கு.

இயேசுவின் காலத்தில் இதில் யூதர்களுக்குள்ளேயே பிளவு இருந்தது. பரிசேயர் உயிர்த்தெழுதலை நம்பினார்கள். ஆலயத்தோடு நெருக்கமாக இருந்த சதுசேயர் மறுத்தார்கள். இயேசு பரிசேயர் பக்கம் நின்றார்.

ஈஸ்டரில் என்ன புதிதாக நடந்தது?

கடைசி நாளில் எல்லாரும் எழுவார்கள் என்று நம்பியவர்களும், நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் முன்னதாக எழுவார் என்று எதிர்பார்க்கவில்லை. அதுதான் நடந்தது என்று சீடர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள்.

இங்கே லாசருவுக்கும் இயேசுவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். லாசரு திரும்பி வந்தது பழைய வாழ்க்கைக்கு. சீக்கிரத்திலேயே பிரதான ஆசாரியர்கள் அவனையும் கொன்றுவிட ஆலோசித்தார்கள் என்கிறார் யோவான். அவன் இன்னொரு முறை சாக வேண்டியிருந்தது. அவன் வெளியே வரும்போது கையும் காலும் பிரேதச் சீலைகளால் கட்டப்பட்டு, முகத்தில் துணி சுற்றியிருந்தது. வேறு யாரோ அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. இயேசுவின் கல்லறைக்குள் பேதுரு நுழைந்தபோது சீலைகள் அங்கேயே கிடந்தன. தலையில் சுற்றியிருந்த துணி தனியாக ஒரு இடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இனி அவருக்கு அது தேவைப்படாது. உயிர்த்தெழுதல் என்று கிறிஸ்தவம் சொல்வது இரண்டாவது வகையை: சாவுக்கு அந்தப் பக்கம் கடந்து போன வாழ்வை.

அந்த வாழ்வு எப்படி இருந்தது என்று சுவிசேஷங்கள் சொல்வதைத் தொகுத்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரன் என்று நினைத்தாள். எம்மாவு என்ற ஊருக்குப் போன சீடர்கள் இருவர் வழிநெடுகப் பேசிக்கொண்டே நடந்தும் அடையாளம் காணவில்லை. கதவு பூட்டியிருக்கும்போதே நடுவில் வந்து நின்றார். ஆவி என்று பயந்தவர்களிடம் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீன் துண்டை அவர்கள் கண்முன்னே சாப்பிட்டார். ஆணிக்காயங்கள் மறையவில்லை, தோமாவுக்கு அவற்றைக் காட்டினார். பேயும் இல்லை, உயிர் பிழைத்த நோயாளியும் இல்லை. அதே ஆள், அதே உடல், ஆனால் மாறிப்போன உடல். முதல் சாட்சிகள் பெண்கள் என்பதையும் நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவாக இருந்த காலம் அது. கதை கட்டுகிறவர் அப்படிக் கட்டியிருக்க மாட்டார் என்று பலர் வாதிடுவதுண்டு. நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனால் யோசிக்க வைக்கும் வாதம்.

இவற்றையெல்லாம்விட முன்னதாக எழுதப்பட்டது பவுலின் கடிதம். கொரிந்து சபைக்கு ஏறக்குறைய கி.பி. 55இல், அதாவது சிலுவை மரணத்துக்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்குள், அவர் எழுதினார். அந்தச் சபையில் சிலர் மரித்தோர் உயிர்த்தெழுவதில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கிரேக்கச் சூழலில் அது ஆச்சரியமில்லை. ஏதென்ஸில் பவுல் இதைச் சொன்னபோது சிலர் இகழ்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆத்துமா அழியாது என்று பேசியிருந்தால் பலர் தலையாட்டியிருப்பார்கள். உடல் எழும் என்றதுதான் சிரிப்பாக இருந்தது.

பவுல் பின்வாங்கவில்லை. உயிர்த்த இயேசுவைப் பார்த்தவர்களை வரிசையாகச் சொல்கிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஒரே நேரத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், யாக்கோபு, கடைசியில் நானும். பிறகு எல்லாவற்றையும் ஒரே பணயத்தில் வைக்கிறார். "கிறிஸ்து எழுந்திராவிட்டால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா." இது நடக்கவில்லை என்றால் நல்ல போதனையாவது மிஞ்சும் என்று சமாதானம் சொல்ல அவர் தயாராக இல்லை. எழுந்திருந்தால், அவர் முதற்பலன். முதல் கதிர் வந்துவிட்டது என்றால் மீதி அறுவடையும் அதே வயலிலிருந்து வரப்போகிறது.

கீழைத் திருச்சபைகளின் ஈஸ்டர் ஓவியங்கள் இந்தச் செய்தியை வேறு விதமாகச் சொல்கின்றன. அவற்றில் இயேசு கல்லறையிலிருந்து தனியாக எழுந்து வருவதில்லை; பாதாளத்துக்குள் இறங்கி நிற்கிறார். இஸ்தான்புல்லின் கோரா ஆலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியம் இவற்றில் புகழ்பெற்றது. வெள்ளுடையில் இயேசு, ஒரு கையில் ஆதாமின் மணிக்கட்டு, இன்னொரு கையில் ஏவாளின் மணிக்கட்டு. இரண்டு பேரையும் கல்லறைப் பெட்டிகளிலிருந்து வெடுக்கென்று இழுக்கிறார். காலடியில் உடைந்து விழுந்த கதவுகள், சிதறிய பூட்டுகளும் சாவிகளும். உள்ளங்கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்திருப்பதைப் பாருங்கள். செத்தவர் திரும்பப் பிடித்துக்கொள்ள முடியாது. இழுப்பவரின் பலம்தான் எல்லாம். ஆத்துமாவுக்குள்ளேயே சாகாத்தன்மை ஒன்று இருக்கிறது, அதனால் தப்பிக்கும் என்பதற்கும், எழுப்புகிறவர் ஒருவர் வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தை ஓவியர் அந்தப் பிடியிலேயே காட்டிவிட்டார்.

எந்த உடலோடு?

கொரிந்தியர் கேட்ட அடுத்த கேள்வி இது, இன்றைக்கும் எல்லாரும் கேட்பது. மக்கிப்போன உடல் எப்படித் திரும்ப வரும்? பவுல் விதையைக் காட்டுகிறார். மண்ணில் போடுவது வெறும் மணி. முளைப்பது வேறு உருவம். ஆனால் அந்தச் செடி அந்த மணியிலிருந்தேதான் வருகிறது. "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்." ஆவிக்குரிய சரீரம் என்று அவர் சொல்வதைப் புகை மாதிரியான உடல் என்று புரிந்துகொள்ள வேண்டாம், கடவுளின் ஆவியால் இயங்கும் உடல் என்பதே பொருள்.

இதற்குமேல் நுணுக்கம் பார்த்தவர்களும் உண்டு. பட்டினியில் ஒருவனை இன்னொருவன் தின்றுவிட்டால் அந்தச் சதை யாரோடு எழும் என்று கேட்டார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் அகுஸ்தீனும் இதை மெனக்கெட்டு எடுத்து, முதலில் அது யாருடைய சதையோ அவருக்கே திரும்பும் என்று பதில் சொன்னார். கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியலாம். உடல் என்பதை அவர்கள் எவ்வளவு நிஜமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உடலோடு உலகமும் புதிதாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேதாகமத்தின் கடைசிக் காட்சியில் மனிதர்கள் பூமியைவிட்டு மேலே போவதில்லை. புதிய எருசலேம் கீழே இறங்கி வருகிறது. "இனி மரணமுமில்லை, துக்கமுமில்லை" என்பது அங்கே வரும் வாக்கு. கூடவே நியாயத்தீர்ப்பும் உண்டு. எல்லாரும் எழுவார்கள் என்பதுதான் போதனை. எல்லாரும் ஒரே இடத்துக்கு எழுவார்கள் என்று வேதம் சொல்லவில்லை. ஜீவனுக்கு எழுகிறவர்கள், ஆக்கினைக்கு எழுகிறவர்கள் என்று இயேசு இரண்டாகவே பிரித்துப் பேசுகிறார்.

அதுவரை இறந்தவர் எங்கே?

இங்கேதான் சபைகள் பிரிகின்றன. பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வனிடம் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார் இயேசு. தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்று பிலிப்பியருக்கு எழுதினார் பவுல். இவற்றை வைத்து, இறந்தவுடன் விசுவாசியின் ஆத்துமா கிறிஸ்துவிடம் சேர்கிறது, உடலுக்காகக் காத்திருக்கிறது என்று பெரும்பாலான சபைகள் சொல்கின்றன. தொடக்கத்தில் பார்த்த "ஆத்துமா பரலோகம் போகும்" என்பது இந்த இடைக்காலத்தைத்தான் குறிக்கிறது. அது தங்கும் இடம். சேரும் ஊர் உயிர்த்தெழுதல்.

கத்தோலிக்கர்கள் இதோடு உத்தரிக்கிற ஸ்தலத்தையும் நம்புகிறார்கள்: கடவுளின் நட்பில் இறந்தும் இன்னும் சுத்திகரிப்பு தேவைப்படுகிறவர்களின் நிலை. 1439இல் ஃபிளாரன்ஸ் சங்கமும் 1563இல் திரெந்து சங்கமும் இதை உறுதிப்படுத்தின. ஆர்த்தடாக்ஸ் சபைகள் அந்தக் கோட்பாட்டை ஏற்பதில்லை. ஆனால் இறந்தோருக்காக ஜெபிப்பதை விடுவதுமில்லை. புராட்டஸ்டண்டுகள் பொதுவாக இரண்டையும் விட்டுவிட்டார்கள். ஏழாம் நாள் அட்வெந்து சபையினர், இறந்தவர் உயிர்த்தெழும்வரை நினைவின்றி உறங்குகிறார் என்கிறார்கள். என் பார்வையில், இந்த இடைக்காலத்தைப் பற்றி வேதாகமம் பேசுவது கொஞ்சம்தான்; சண்டையோ அந்த அளவுக்குப் பொருந்தாமல் பெரிது.

துக்கமும் அடக்கமும்

துக்க வீட்டில் "விசுவாசி அழக்கூடாது" என்று அதட்டுகிறவர்களைப் பார்க்கலாம். நல்லெண்ணம்தான், ஆனால் உபதேசம் சரியில்லை. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல்" துக்கிக்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. அகுஸ்தீன் தன் தாய் மோனிக்காவை 387இல் ஒஸ்தியா துறைமுகத்தில் இழந்தபோது இதே தவறான வைராக்கியத்தோடுதான் கண்ணீரை அடக்கிக்கொண்டிருந்தார். அடக்கம் முடிந்து, தூங்கி எழுந்து, தனியாக இருந்தபோதுதான் அழுதார். என் தாய்க்காகக் கொஞ்ச நேரம் அழுததைப் பாவம் என்று நினைப்பவர் நினைத்துக்கொள்ளட்டும், என் பாவங்களுக்காகக் கடவுள்முன் அவர் அழட்டும் என்ற கருத்தில் பின்னால் எழுதினார்.

மோனிக்காவுக்கும் ஒரு கதை உண்டு. சொந்த ஊரில் கணவருக்குப் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று வெகுநாள் ஏற்பாடு செய்து வைத்திருந்தவர், கடைசியில் இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொண்டால் போதும் என்றுவிட்டார். ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில் உடலை விட்டுப் போகப் பயமில்லையா என்று கேட்டவர்களுக்கு, கடவுளுக்கு எதுவும் தூரமில்லை, உலக முடிவில் என்னை எங்கிருந்து எழுப்புவது என்று அவருக்குத் தெரியாமல் போகாது என்றாராம்.

ஆதித் திருச்சபை இறந்தோரின் உடல்களை மதித்ததும் இதே நம்பிக்கையில்தான். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப்பு கொல்லப்பட்டு அவர் உடல் எரிக்கப்பட்டபோது, அவருடைய சபையார் எலும்புகளைப் பொறுக்கியெடுத்து அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் அங்கே கூடி, அவர் இறந்த தேதியை அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடத் தீர்மானித்தார்கள்.

அப்படியானால் உடலை எரிக்கலாமா? உயிர்த்தெழுதலை மறுத்துக் காட்டும் அடையாளமாகவே சிலர் தகனத்தைப் பரப்பிய காலத்தில், 1886இல், கத்தோலிக்கத் திருச்சபை அதைத் தடை செய்தது. 1963இல் தடை நீங்கியது. புழுதியிலிருந்து எழுப்பக்கூடியவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்புவது கடினமில்லை. எரிப்பதால் உபதேசம் ஒன்றும் உடைந்துவிடாது. இருந்தாலும் 2016இல் வத்திக்கானிலிருந்து வந்த அறிவுறுத்தல், சாம்பலைக் காற்றிலோ நீரிலோ தூவக்கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. புராட்டஸ்டண்ட் சபைகளில் பல இதை குடும்பத்தின் விருப்பத்துக்கே விட்டுவிடுகின்றன. ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் இன்றும் புதைப்பதையே வற்புறுத்துகின்றன.